தலையணையில் சிரித்த மழைக்காலம்

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சினிமா பார்க்கப் போனவர்கள், நம் சந்துப் பிள்ளைகளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதைப் படிக்கிற உங்களில் ஒருத்தி சென்னையில் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒருவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு, மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா கிடைக்கவில்லை என்று எனக்குப் போனில் அழுகிறான். இரண்டு பேர் இன்னும் இந்தப் பர்மாவில், தின்கன்ஜூனிலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தும் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்தாயிற்று. இனிமேல் யாரிடம் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சியைப் பட்டாளம் சுட்டு அடக்கியதற்கு அடுத்த வருஷ மழைக்காலம் அது. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள், காலேஜைத் திறக்கவில்லை. இருட்டினால் ஊரடங்கு. ஆகவே நமக்கு வாய்த்த சினிமா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சினிமா. அதுவும் நம் பக்கத்துக்குக் கரண்ட் விடும் முறை ஞாயிறாக அமைந்தால்தான்.

வீடியோ பெரியப்பாவை மறந்திருக்க மாட்டீர்கள். யாருக்கும் அவர் சொந்தப் பெரியப்பா இல்லை. டவுனில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து, அந்தத் தியேட்டரை மூடியதும், கப்பலில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் கொடுத்த வீடியோ டெக்கையும் சின்ன டிவியையும் வைத்து வீட்டில் படம் காட்டினார். தியேட்டரை விட்டு வந்தும் தியேட்டர் அவரை விடவில்லை. நாலு பாய் விரிக்கிற அந்தக் கூடத்தில் இடைவேளை விடுவார். இடைவேளையில் எழுந்து நின்று, "வெளிய போறவங்க போய்ட்டு வாங்க" என்பார். வெளியே போனால் முட்டளவு தண்ணீர். யார் போவது?

வீடியோ காட்டுவதற்கு வார்டு ஆபீசில் அனுமதி வாங்கவேண்டும். அவர் வாங்கவில்லை. எனவே ஜன்னலுக்குக் கம்பளி தொங்கும். டிவியின் சத்தத்தை அறவே குறைத்துவிடுவார். பேச்சு முழுவதையும் தானே தாழ்ந்த குரலில் தமிழில் சொல்வார். நம் வாயிலிருந்து வரும் சிரிப்புக்குத்தான் அவர் கண்டுபிடித்த வழி தலையணை. சிரிப்பு வந்தால் முகத்தைத் தலையணையில் புதைத்துச் சிரிக்கவேண்டும். தலையணை கொண்டு வராத பிள்ளைக்கு வாசலோடு சரி. என் தலையணை உறை எந்நேரமும் எச்சிலும் கன்னத்தில் பூசும் தனக்காவுமாக நாறும். அம்மா அதைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப் போனாள்.

அடை மழை பிடித்தால் மட்டும் நமக்கு யோகம். தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அப்போது பெரியப்பா எழுந்து போய் சத்தத்தைக் கூட்டுவார். வெள்ளைக்காரர்கள் பேசுகிற அந்தப் புரியாத பாஷை, செருப்புச் சத்தம், ஆட்டுச் சத்தம் எல்லாம் கூடத்துக்குள் வந்துவிடும். நாமும் தலையணையை எறிந்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்போம். மழை வேண்டுமென்று சாமி கும்பிட்ட பிள்ளைகள் நாம். அந்த வருஷம் சந்தில் மூன்று வீட்டுப் படிக்கட்டு அடித்துக்கொண்டு போனதற்கு நம் வேண்டுதலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரிடம் இருந்தது ஏழெட்டு கேசட். அதில் நாம் திரும்பத் திரும்பக் கேட்டது ஆட்டுப் படம். படத்தின் பேர் யாருக்கும் தெரியாது, ஆட்டுப் படம்தான். கருப்பு வெள்ளை. பெரியப்பா ஒரு வாரம் அதை இத்தாலி என்பார், மறு வாரம் கிரேக்கம் என்பார். பழைய காலத்தில் ஏதோ ஒரு மலைக் கிராமம். அங்கே அந்நியப் பட்டாளம் வந்து இறங்குகிறது. பட்டாளத்துக்குக் கறி வேண்டும். கிராமத்தார் ஊர் ஆடுகள் அத்தனையையும் கோயில் மேல்மாடத்தில் ஏற்றி ஒளித்துவிட்டு, ஒட்டுமொத்தமாகச் செவிடாகிவிடுகிறார்கள். குழந்தை முதல் கிழம் வரை, பெரியப்பா மாவு மில் அக்கா என்று பேர் வைத்த மில்காரி உட்பட, ஒருவருக்கும் காது கேட்காது.

"பாருங்க புள்ளைங்களா, மீசைக் கேப்டன் வர்றான். 'ஆடெல்லாம் எங்கே?'ங்கிறான். நம்ம மாவு மில் அக்கா என்ன பண்ணுது? காதைத் தொட்டுக் காட்டுது. கேக்கலியாம்! கேப்டன் கத்துறான், கத்துறான், தொண்டை கட்டிப்போச்சு."

கேப்டன் கடைசியில் இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்து, குனிந்து, ஆடு மாதிரி கத்திக் காட்டுவான். மாவு மில் அக்கா அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். மேலேயிருந்து நிஜ ஆடு கத்தும். கேப்டன் மேலே பார்ப்பான். கிராமத்தார் ஒருவரும் மேலே பார்க்கமாட்டார்கள். யாருக்குமே கேட்காத சத்தம் தனக்கு மட்டும் கேட்கிறதே என்று அவனுக்கு நாளுக்கு நாள் பயம் ஏறும். பட்டாளத்து டாக்டரிடம் தன் காதைக் காட்டுவான். அவனோடு வந்த குண்டுச் சமையல்காரனுக்கு மட்டும் ஆடு இருக்கிற இடம் தெரியும். அவன் திருட்டுத்தனமாக மேலே ஏறிப்போய் ஆட்டுப்பால் குடிப்பான். அவனைக் கண்டாலே நாம் சிரிப்போம். முடிவில் கேப்டன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பட்டாளத்தோடு மலையிறங்கிப் போய்விடுவான். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பெரியப்பா டெக்கை நிறுத்தி, "சுபம்!" என்பார்.

நாடா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு நாள் நான் அதைக் காட்டி, "பெரியப்பா, இன்னும் இருக்கே?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல பூசணம் புடிச்சிருக்கு தாயி. ஓட்டினா டெக்கு கெட்டுப் போகும்."

மழைக்காலத்தில் கேசட்டில் வெள்ளையாகப் பூசணம் பிடிப்பது உண்மைதான். அவர் பஞ்சில் கொலோனை நனைத்துத் துடைப்பதை நாமே பார்த்திருக்கிறோம். எனவே நம்பினோம்.

என் சின்ன மாமாவும் ஆட்டுப் படத்துக்கு வருவார். அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. அவர்களுடைய தாயார் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். மூடிக் கிடந்த காலேஜில் இரண்டாம் வருஷம். முந்தின வருஷ ஊர்வலங்களில் அவர் கொடி பிடித்துக்கொண்டு போனதைச் சந்தே பார்த்திருக்கிறது. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். அதன் ஒரு காது ஒடிந்து, சிவப்பு நூல் சுற்றியிருக்கும். இத்தனை பெரிய ஆள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வர வெட்கப்பட்டு, சிரிப்பு வந்தால் தன் முன்கையைக் கடித்துக்கொள்வார். படம் முடியும்போது அவர் கையில் வட்டமாகப் பல் தடம் இருக்கும். அதை என்னிடம் காட்டி, "மணி என்ன பாரு" என்பார்.

படத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்குச் சந்தில் செவிட்டு விளையாட்டு நடக்கும். ஒருவர் கேப்டன், மற்றவர் எல்லாம் செவிடு. கேப்டன் என்ன செய்தாலும் சிரிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது. உங்களில் யாரும் என்னை ஜெயித்ததில்லை. காதுக்குப் பக்கத்தில் தகர டப்பாவைத் தட்டினாலும் நான் அசையமாட்டேன். மாமா எனக்குச் செவிட்டு மகாராணி என்று பட்டம் கொடுத்து, தலையில் ஒரு காகிதக் கிரீடமும் வைத்தார். கிரீடத்தில் எம்ஜிஆர் படம் போட்ட பழைய காலண்டர் தாள் தெரியும்.

மழைக்காலத்து நடுவில் ஒரு நாள் காலை, சோப்பு வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு மாமா வெளியே போனார். மத்தியானம் வரவில்லை. சாயங்காலம் வரவில்லை. அம்மா சோற்றை மூடிவைத்தாள். மூன்று நாள் கழித்து வார்டு ஆபீஸ் எழுத்தர் வந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் வீட்டு ஆள் பட்டியல் என்று ஒன்று உண்டே, அதில் இருக்கிற பேர் வீட்டில் இருக்கவேண்டும், இல்லாத பேர் தங்கினால் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுத்தர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நரைத்த தலை, மடியில் வெற்றிலைப் பை. அம்மா, தம்பி மாந்தலேக்கு வியாபார விஷயமாகப் போயிருக்கிறான் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சந்துமுனைக்கு வந்து, கோலி விளையாடிக்கொண்டிருந்த நம்மிடம் பர்மியத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணாடி போட்ட மாமா நேத்து வீட்டுக்கு வந்தாரா பிள்ளைகளா?"

யார் ஆரம்பித்தது என்று இன்றுவரை நமக்குள் சண்டை. நான்தான் என்று நான் சொல்வேன். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவனும் காதைத் தொட்டான். ஒன்பது பிள்ளைகளும் காதைத் தொட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் இன்னும் உரக்கக் கேட்டார். நாம் அசையவில்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நமக்கு நடந்த மரியாதை! அப்பா எல்லாருக்கும் பலூடா வாங்கிக் கொடுத்தார். வீடியோ பெரியப்பா, "படம்னா இதுக்குத்தான்டா" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாரு வந்து என்ன கேட்டாலும் இப்படியே இரு. புரியுதா? யாரு வந்தாலும்."

புரிந்தது. அந்தக் காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் ஒரு தடவையில் பிடித்துக்கொள்வேன். அதுதான் வினையாகப் போயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயம். வெள்ளிக்கிழமை என்று நினைவு, ஏனென்றால் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த வாடை இருந்தது. எனக்கு லேசாகக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். தம்பி தூங்கினான். அம்மா பம்பு அடுப்பில் உலையை ஏற்றி அரிசியைப் போட்டுவிட்டு, பின்னால் பொதுக் குழாய்க்குத் துணி அலசப் போயிருப்பதாக நினைத்தேன். அடுப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. நான் முன்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஒருவர் வந்தார். முதலில் நான் பார்த்தது அவருடைய கால்சட்டையை. பட்டாளத்துப் பச்சை. அந்தப் பழைய பச்சைக் கால்சட்டை பஜாரில் குவித்து விற்பார்கள், மீன்காரனும் சைக்கா மிதித்து ஆள் ஏற்றுகிறவனும்கூடப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது பச்சை மட்டும்தான். முழங்கால் வரை சேறு. ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கினார்.

"தமீ," என்றார். மகளே என்று பர்மியத்தில் வாஞ்சையாகக் கூப்பிடுவார்களே, அப்படி. "அம்மா இருக்காங்களா? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவிலேர்ந்து வர்றேன். அவங்க தம்பி விஷயமா வந்தேன்."

நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

உள்ளே அடுப்பின் இரைச்சல் நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் இளகியது. ஐயோ பாவம், செவிட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டார். எனக்கு முன்னால் சேற்றில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக் காட்டினார். கண்ணாடி. பிறகு புறங்கையை நெற்றியில் வைத்து, உடம்பை நடுக்கிக் காட்டினார். காய்ச்சல். பிறகு ஆறு இருக்கிற திசையைக் காட்டி, துடுப்புப் போடுவது போலக் கையை அசைத்தார். உள்ளே கையைக் காட்டி, வா, வா என்று கூப்பிட்டுக் காட்டினார். மறுபடியும் கண்ணாடி, காய்ச்சல், ஆறு, வா.

எனக்கு எல்லாம் புரிந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் கண்ணாடி யாருடையது என்றும் புரிந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கொம்பு வைத்து ஆட்டம் போட்டுக் காட்டின மீசைக் கேப்டன் அப்படியே வந்து முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தலையணை இல்லை. நான் உள்ளங்கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். நான் செவிட்டு மகாராணி, என்னை யாரும் ஜெயித்ததில்லை.

அவர் எழுந்து எதிர் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட உங்களில் இரண்டு பேர் நின்றீர்கள், நினைவிருக்கிறதா? அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இருவரும் காதைத் தொட்டுக் காட்டினீர்கள். அவர் திகைத்துப் போய்ச் சந்தை மேலும் கீழும் பார்த்தார். படகுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ, வானத்தைப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்து தலையைத் தடவிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பனைவெல்லக் கட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்து மூடிவிட்டு, வந்த வழியே போனார். முனை திரும்பும்வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்த வெல்லத்தை நான் தின்றேன். மழையில் கொஞ்சம் கசிந்து, புகையிலை வாடையோடு இருந்தது. முழுவதையும் தின்றேன்.

அன்றைக்குச் சோறு அரைவேக்காடு. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடி இது, கல்லு மாதிரி இருக்கு?" என்றார். மண்ணெண்ணெய் தீர்ந்து போச்சு என்றாள் அம்மா. நான் என் வீரத்தைச் சொல்லிவிட ஆசைப்பட்டு, "அம்மா, இன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "பேசாமச் சாப்பிடு" என்றாள். அம்மா அப்படி எரிந்து விழுகிறவள் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தீபாவளி வந்தது. பஜாரில் அம்மாவிடம் கீரை விற்க வந்த டாலாக்காரி ஒருத்தி பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அம்மா கீரையும் வாங்காமல், பையும் இல்லாமல் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதை நான் கதவு மறைவிலிருந்து கேட்டேன்.

"டாலாவுல வயல் ஓரமா ஒரு வீட்டுல எட்டு நாள் காய்ச்சலாக் கிடந்திருக்கான். அக்காவைப் பார்க்கணும், அக்காவைப் பார்க்கணும்னே இருந்திருக்கான். நமக்கு ஆள் அனுப்பினாங்களாம். அந்த ஆளுக்கு வீடு தெரியலையாம், திரும்பிட்டாராம். அப்புறம் கூட இருந்தவங்க எல்லைப் பக்கம் கிளம்பவும், இவனும் அந்தக் காய்ச்சலோட எந்திரிச்சுப் போயிட்டானாம்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "வீடு தெரியலையா? சந்துல யாரைக் கேட்டாலும் காட்டியிருப்பாங்களே!"

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. வீடு தெரியவில்லை என்று அந்த ஆளே சொல்லிவிட்டார், நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் புத்தி போகும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். நானும் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரிதான், ஆனால் அந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

மாமாவிடமிருந்து பிறகு ஒரு சேதியும் வரவில்லை. எல்லையில் இருக்கிறார் என்றார்கள், தாய்லாந்தில் ஓட்டலில் பார்த்தேன் என்றார்கள், அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார் என்றும் ஒருவர் சொன்னார். சில வருஷம் கழித்துப் பட்டியலில் அவர் பேரை அடித்துவிட்டார்கள். கோடு போட்ட தாளை அம்மா வாங்கிப் பார்த்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். ஆட்டுப் படக் கேசட்டும் போயிற்று. ஏதோ சோதனை வருகிறது என்று வதந்தி கிளம்பிய ஒரு காலையில், பெரியப்பா எல்லாக் கேசட்டையும் சாக்கில் கட்டி, கல்லையும் போட்டு, சாக்கடையில் இறக்கிவிட்டார். சோதனை வரவே இல்லை.

நான் வளர்ந்தேன், தையல் கடை வைத்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். எங்கே போனாலும் அந்தப் படிக்கட்டு கூடவே வந்தது. யாராவது மூச்சு வாங்க வந்து நின்றால் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கடையில் வழி கேட்க வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழி காட்டுவேன். இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், வேறென்ன.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைக்கிறேன். டவுனில் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து டிஸ்க் விற்கிறவனிடம் ஓர் அட்டையைப் பார்த்தேன். கோயில் மாடத்து ஜன்னலில் நாலைந்து ஆடு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன். அப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடு அதே சந்தில், அதே இடத்தில் கட்டின செங்கல் வீட்டில் இருந்தாள். மத்தியானம் கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தோம். பழைய பழக்கம், சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா நம்மைப் போலச் சிரிக்கவில்லை. கேப்டன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போனான். ஊர் கைகொட்டியது. சுபம்.

படம் முடியவில்லை. இன்னும் இருபது நிமிஷம் ஓடிற்று.

விடிகாலையில் குண்டுச் சமையல்காரன் மட்டும் மூச்சு வாங்க மலையேறித் திரும்பி ஓடி வருகிறான். தொப்பி இல்லை, சட்டை கிழிந்திருக்கிறது. பட்டாளம் நாளைக்குத் தீப்பந்தத்தோடு வருகிறது, எல்லாரும் ஓடிவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் ஊரே காதைத் தொட்டுக் காட்டுகிறது. அவன் வீடு வீடாகப் போகிறான். கையைக் காலை ஆட்டி, தீ எரிவது போலக் காட்டி, அழுகிறான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடைசியில் மாவு மில் வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். மாவு மில் அக்கா அவனை வெகுநேரம் பார்க்கிறாள். உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் நீட்டி, வாயைத் திறக்கிறாள். நான் கீழே ஓடிய எழுத்தைப் படித்தேன்.

"என்ன சொல்றா?" என்று அம்மா கேட்டாள்.

"'கேக்குது. சொல்லு'ங்கிறா."

அதன்பின் ஊரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. பின்னால் வீடுகள் எரிகின்றன. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பூசணமாம், பூசணம்! அந்தப் பெரியப்பா இதையும் காட்டியிருந்தா என்னவாம்? செவிடா இருக்கச் சொல்லிக் குடுத்தாரே, எப்ப நிறுத்தணும்னு சொல்லிக் குடுத்தாரா?" என்று செத்துப்போன மனிதரைத் திட்டினேன். எதற்காகத் திட்டுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது என்ற தைரியம்.

"அவரைச் சொல்லாதே," என்றாள் அம்மா. "சிரிச்சுக்கிட்டே வெளிய போற சனந்தான் மறுபடி டிக்கெட்டு எடுக்கும்னு சொல்வாரு. ஆபரேட்டரு புத்தி. நீங்க சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வரணும்னு நெனச்சாரு." பிறகு சொன்னாள்: "அன்னைக்கு வந்தவரும் இப்படித்தான் மூச்சு வாங்கினாரு."

"யாரு?" என்றேன். முப்பது வயதில், பெற்ற தாயிடம், மறுபடியும் செவிடாகப் பார்த்தேன்.

"டாலாக்காரரு. உனக்கு வெல்லம் குடுத்தாரே."

நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன்.

"நான் உள்ளதான் இருந்தேன். டாலான்னு அவர் சொன்னதும் அடுப்பை அணைச்சுட்டேன். பலகை இடுக்குல கண்ணை வச்சுப் பார்த்துக்கிட்டு நின்னேன். கண்ணாடி மாதிரிக் காட்டினாரு, காய்ச்சல்னு காட்டினாரு, எல்லாம் பார்த்தேன்."

"நல்ல ஆளுன்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது. தெரிஞ்சும் கால் வரல. முந்தின வாரந்தான், இதே மாதிரி உங்க தம்பிகிட்ட இருந்து சேதின்னு பொய் சொல்லி வந்து, மேல் சந்துல ஒருத்தரைப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. உங்கப்பா, நீ, சின்னவன், மூணு பேரும் கண்ணு முன்னால வந்து நின்னீங்க. புள்ள சமாளிக்கிறா, சமாளிக்கட்டும்னு இருந்துட்டேன். பத்து வயசுப் புள்ளைய முன்னால விட்டுட்டு நான் பின்னால நின்னேன்டி."

"வீடு தெரியாமத் திரும்பிட்டாருன்னு அப்பாகிட்ட..."

"அந்தக் கீரைக்காரி அப்படிச் சொல்லல. வாசல்ல ஒரு செவிட்டுப் புள்ளதான் இருந்துச்சாம், பாவம்னு சொன்னா. நான்தான் மாத்திச் சொன்னேன்." அம்மா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்னைக்காவது சொல்லுவ, அப்ப நானும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ வாயே தொறக்கல."

இருபது வருஷம். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை இருவரும் தின்றுகொண்டு, ஒருவருக்கு ஒருவர் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் அழவில்லை. என் முதுகில் கை வைத்திருந்தாள். அந்தக் கை கனமாக இருந்தது.

அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் காது அவளுக்கு நன்றாகக் கேட்டது. அந்த மத்தியானத்தை நினைத்தால் அழுத நேரம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை, அதற்குப் பிறகு நடந்ததுதான் வருகிறது.

"அந்த இடத்தைத் திரும்பப் போடு," என்றாள். போட்டேன். சமையல்காரன் மாவு மில் வாசலில் உட்கார்ந்தான். அக்கா உள்ளே போனாள்.

"சத்தத்தைக் கூட்டு."

வெளியே மழை இல்லை, நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. சந்துமுனையில் யார் யாரோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய கேக்கும்மா," என்றேன்.

"கேக்கட்டும்," என்றாள் அம்மா.